பதினொரு வயதில் ஏன் இந்த ஊசி?

சென்ற தவணையில் ஒரு நாள், பாடசாலை கலைந்த பின்னர், ஆறாந் தரத்து மாணவி ஒருத்தியின் தகப்பனார் ஆசிரியர் அறைக்கு வந்தார். கையிலே நான்காக மடித்த ஒரு தாள். தடுப்பூசி போடும்பொருட்டுப் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு நாம் அனுப்பியிருந்த சம்மதப் படிவம் அது. கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது.

"மாஸ்ரர், கோவியாதேயுங்கோ. பிள்ளைக்குப் பதினொரு வயசுதான். இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லை. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு இப்பவே ஏன் ஊசி?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். கேட்டபொழுது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரிலே தொங்கிய நேரசூசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வியே. நான் விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றவன். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கின்றவன். ஆயினும் உடனே மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. என் பெரியம்மாவின் நினைவு வந்து குறுக்கே நின்றது.

நான் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலே பெரியம்மா இறந்தார். வீட்டிலே "வயிற்று வருத்தம்" என்றார்கள். ஊரும் அப்படியே சொல்லிற்று. பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, அடுக்களையில் ஏதோ வேலையாயிருந்தபடி, என் தாயார் உண்மையைச் சொன்னார். மாதவிடாய் நின்று இரண்டு வருடங்களின் பின் பெரியம்மாவுக்கு மீண்டும் உதிரம் படத் தொடங்கியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக அதனை அவர் எவருக்கும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குங்கூடத் தெரியாது. எல்லோரும் உறங்கிய பின் கிணற்றடிக்குப் போய்ச் சீலைத் துண்டுகளைத் தோய்த்துக் கோடிப்புறத்திலே மறைவாக உலர்த்துவாராம். வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபொழுது கருப்பைக் கழுத்திலே தோன்றிய புற்று அயலுறுப்புக்களையும் பற்றியிருந்தது. அந்த ஓராண்டை நோய்க்குக் கொடுத்தது வெட்கமே.

இந்நோயோடு வெட்கம் வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டு வெரோனா நகரில் ரிகோனி-ஸ்ரேர்ன் என்பார், அந்நகரின் எண்பது ஆண்டுக்கால மரணப் பதிவுகளை ஆராய்ந்து 1842ஆம் ஆண்டிலே தாம் கண்டதை வெளியிட்டார். கருப்பைப் புற்றால் மணமான பெண்களும் விதவைகளும் பெருமளவில் இறந்திருந்தனர்; கன்னிமாடத்துத் துறவிப் பெண்களிடையே அது மிக அரிதாயிருந்தது. நோய்களுக்கு நுண்ணுயிர்கள் காரணமாகலாம் என்பதே நிலைநாட்டப்படாத காலம் அது. இல்லற வாழ்வின் வழியாக ஏதோ ஒன்று பரவுகின்றது என்று ஊகிக்க இடமிருந்ததேயன்றி, அது யாதென அறிய வழி இருக்கவில்லை.

அந்த "ஏதோ ஒன்று" அகப்படுவதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன. 1970களில் ஆராய்ச்சியாளர் பலரும் ஹேர்ப்பிஸ் என்னும் வைரசின்மீதே பழி சுமத்தியிருந்தனர். ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி மாத்திரம் அதனை ஏற்கவில்லை. புற்றுக் கட்டிகளுள் அவ்வைரசின் சுவட்டைத் தேடித் தேடி அவர் காணாதுபோனார். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த மாநாடொன்றில் அவர் இதனைச் சொன்னபொழுது, சபையில் அதனை வரவேற்பார் இல்லை. தோலிலே பாலுண்ணியை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுக் குடும்பத்திலேயே குற்றவாளி இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அக்குடும்பமோ மிகப் பெரிது. இன்று இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் அவரும் அவருடைய மாணாக்கரும் புற்றுக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தனர். உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்களிற் பத்தில் ஏழுக்கு இவ்விரண்டுமே காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. 2023இல் அவர் காலமானார்.

இவ்விடத்தில் இன்னொரு பெண்ணின் கதையையும் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கு ஹென்றியற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். அவருக்கும் கருப்பைக் கழுத்திலே கட்டி. அவரைக் கேளாமலே எடுத்த ஒரு சிறு துணுக்கின் கலங்கள் சோதனைச்சாலைப் பாத்திரத்திலே ஓய்வின்றிப் பெருகலாயின. அவ்வாண்டு ஒக்டோபரில், 31ஆம் வயதில், அவர் இறந்தார். கலங்களோ இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. போலியோத் தடுப்பூசியைச் சோதிப்பதற்கும் அவையே உதவின. அவர் குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளின் பின்னரே இச்செய்தி தெரியவந்தது. சூர் ஹவுசன் குழுவினர் அக்கலங்களைச் சோதித்தபொழுது, அவற்றுள்ளும் அதே 18ஆம் வகை வைரசின் பரம்பரையலகுகள் இருக்கக் கண்டனர்.

வைரசு செய்வது யாது? நமது கலங்கள் கண்டபடி பிரிந்து பெருகாதவாறு காவல் செய்யும் புரதங்கள் சில கலத்தினுள் உண்டு. இவ்வைரசு உண்டாக்கும் இரண்டு புரதங்கள் அக்காவலாளரை முடக்கிவிடுகின்றன. ஆயினும் வைரசு தொற்றியவர் யாவருக்கும் புற்று வருவதில்லை. இல்லறத்தில் ஈடுபட்ட ஆண் பெண் ஏறக்குறைய எல்லோருக்குமே வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றுகின்றது. பத்தில் ஒன்பது பேரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அதனை அகற்றிவிடுகின்றது. எஞ்சியோருள் சிலரிடம் அது தங்கி, பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகின்றது. கணவன் ஒருவனையன்றிப் பிறரை அறியாத பெண்ணுக்கும் வரும். என் பெரியம்மாவுக்கு வந்தது. இந்நோயைக் கொண்டு ஒருத்தியின் ஒழுக்கத்தை அளக்கும் ஊர்வாய்க்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். வைரசைக் கொன்றோ நலிவித்தோ ஊசி மருந்தாக்குவது பழைய முறை. இங்கே அது பொருந்தவில்லை. இவ்வைரசு சோதனைச்சாலையில் எளிதில் வளராது. வளர்த்தாலும் புற்றை விளைக்கும் பரம்பரையலகுகளைப் பிள்ளைகளின் உடம்பிலே செலுத்த யார் துணிவர்? அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில், குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இயன் பிறேசரும், சீனாவிலிருந்து வந்த ஜியான் சோவும் 1991இல் இதற்கு வழி கண்டனர். வைரசின் வெளிக்கோதாக அமைந்த புரதத்தை மாத்திரம் தனியே உண்டாக்கினர். அப்புரதத் துண்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று கூடி, வைரசு போன்ற உருண்டைகளாக அமைவதை இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே கண்டனர். உருவம் வைரசு, உள்ளே ஒன்றுமில்லை. கோதிருக்க உள்ளீடற்ற விளாம்பழம் போன்றது. அமெரிக்காவிலும் வேறு குழுவினர் இத்துறையில் உழைத்தனர்; உடல் அவ்வெறுங்கோதுகளை மெய்யான வைரசென மயங்கி ஏராளமான பிறபொருளெதிரிகளைச் செய்கின்றது என்பதைக் காட்டியவர்களுள் அவர்களும் அடங்குவர். ஊசி மருந்து 2006இல் அனுமதி பெற்றது. சோ அதனைக் காணவில்லை. 1999இலேயே, 42 வயதில், அவர் இறந்துவிட்டார்.

அம்மருந்தில் ஒரு வகையைச் செய்வதற்கு மதுவம் என்னும் நுண்ணுயிர் பயன்படுகின்றது. அப்ப மாவைப் பொங்கவைக்க நம்மவர் கள்ளு விடுவார்களல்லவா? அந்தக் கள்ளிலே நுரையெழுப்புவதும் அதே மதுவமே. ஊசியிலே நோய்க்கிருமி இருக்கிறதோ என்று அஞ்சும் தாய்மாருக்கு இதனைச் சொன்னால் முகம் தெளிகின்றதை நான் கண்டிருக்கிறேன்.

தகப்பனார் கேட்ட கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கின்றது. ஊசியினால் உண்டாகும் பிறபொருளெதிரிகள் வைரசு கலத்தினுள் நுழையுமுன் வாசலிலேயே அதனைப் பிடித்துவிடும். நுழைந்துவிட்ட வைரசை வெளியேற்ற அவற்றால் இயலாது. கள்வன் வீட்டினுள்ளே இருக்கப் படலையைப் பூட்டி என்ன பயன்? அன்றியும், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடல் முதிர்ந்தவர்களைவிட நன்றாக இவ்வூசிக்கு எதிர்வினை செய்கின்றது.

இங்கிலாந்திலே 2021இல் வெளியான ஆராய்ச்சி இவ்வயது விஷயத்தை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் கருப்பைக் கழுத்துப் புற்று 87 சதவீதம் குறைந்திருந்தது. பதினான்கு முதல் பதினாறு வயதில் வழங்கப்பட்டோரில் 62 சதவீதம். பதினாறு முதல் பதினெட்டில் 34 சதவீதம். நாலைந்து வருடத் தாமதத்தில் பயன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்கொட்லாந்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஊசியை முழுமையாகப் பெற்ற பெண்களுள் ஒருவருக்கேனும் இப்புற்று வந்ததாகப் பதிவில்லை என 2024இல் அறிவித்தனர். உலகிலோ 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 3,50,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஆறாந் தரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் பாடசாலையிலேயே இலவசமாக இதனை வழங்கிவருகின்றது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்று தொடங்கினர். ஒரே ஊசியும் போதுமானதாகலாம் என உலக சுகாதார தாபனம் 2022இல் கூறியுள்ளது. தொண்டை முதலிய இடங்களிலும் இவ்வைரசு புற்றை விளைப்பதனால் அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள்.

புற்றைத் தடுக்கும் ஊசி இதுவே முதலாவது என்றெண்ணுதல் தவறு. ஈரல் அழற்சி 'பி' வைரசு நாளடைவில் ஈரற் புற்றை உண்டாக்கும். தாய்வான் நாட்டில் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கெதிரான ஊசியைப் போடத் தொடங்கினர். பத்துப் பன்னிரண்டு வருடங்களுள் அங்கே சிறுவரிடையே ஈரற் புற்று ஏறக்குறைய அரைவாசியாயிற்று. நம் நாட்டில் 2003 முதல் குழந்தைகள் அதனைப் பெறுகின்றன. அந்த ஊசியை எந்தப் பெற்றாரும் தயங்கி மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை; ஈரலைப் பற்றிப் பேச யாரும் வெட்கப்படுவதில்லை போலும்.

வந்துவிட்ட புற்றை ஊசியால் தீர்க்கலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. அது வேறு விஷயம், கடினமான விஷயம். புற்றுக் கலம் வெளியிலிருந்து வந்த பகையன்று, நம் கலமே பிறழ்ந்தது. ஆதலால் உடல் அதனை அயலாள் என்று எளிதில் அறிவதில்லை. ஆனாலும் வெற்றிகள் இல்லாமலில்லை. நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடதுகையில் தழும்பு விழும்படி போடும் பி.சி.ஜி. ஊசி மருந்து, சயரோகத்துக்கென 1921இல் வந்தது. அதனையே சிறுநீர்ப்பையினுள் செலுத்தினால், அங்கே மேற்படையில் தோன்றும் புற்று மீண்டும் மீண்டும் வருவது குறைகின்றது எனக் கனடாவின் அல்வாரோ மொறாலஸ் 1976இல் காட்டினார். இன்றும் அது நடைமுறையில் உள்ள சிகிச்சை. அண்மையில், நோயாளி ஒவ்வொருவருடைய கட்டிக்கும் ஏற்பத் தனித்தனி ஊசி மருந்து செய்து, தோலிலே தோன்றும் மெலனோமா என்ற புற்றுக்குச் சோதித்துள்ளனர். 157 பேரைக் கொண்ட ஒரு பரிசோதனையில், மருந்தொன்றை மட்டும் பெற்றோரைவிட, அதனோடு அவ்வூசியையும் பெற்றோரில் நோய் திரும்புதலும் மரணமும் 44 சதவீதம் குறைந்தன என 2023இல் அறிவிக்கப்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 157 பேர் சிறு தொகையினர். பெரிய பரிசோதனைகளின் முடிவைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

இவ்வளவையும் அன்று அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்லவில்லை. படலையும் கள்வனும் சொன்னேன். இங்கிலாந்துக் கணக்கைச் சொன்னேன். "பிள்ளைப்பேற்றுக்கு இடைஞ்சல் வருமெண்டு சனம் கதைக்குது" என்றார். உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்ட பின்னரும் அவ்வாறான பாதிப்புக்குச் சான்று இல்லை என்றேன். கை நோகலாம்; சில பிள்ளைகளுக்கு ஊசியைக் கண்ட பயத்தில் மயக்கம் வரும்; அதற்காகவே கால்மணி நேரம் இருத்திவைத்து அனுப்புகிறோம். பின்பு, நான் எதிர்பாராத வகையில், பெரியம்மாவின் கதையையும் சொல்லிவிட்டேன். முப்பது வருடங்களாக வெளியில் ஒருவருக்கும் சொல்லாத கதை.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு முதன்முறையாக என்னை நேரே பார்த்து, "அப்ப இவளின்ரை தாய்க்கு?" என்று கேட்டார்.

தாய்க்கு இந்த ஊசி பெரிதாக உதவாது, அவருக்குரியது வேறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அடுத்த பெண்கள் சிகிச்சை நிலையத்தில், முப்பத்தைந்து வயதை அடைந்தவர்களுக்குக் கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துச் சோதிக்கிறார்கள். சில நிமிட வேலை, பணம் இல்லை. புற்றாக மாறுமுன்னரே பழுதைக் கண்டு நீக்கலாம். மனைவிக்கு முப்பத்தெட்டு என்றார். எந்த நாளில் நடக்கிறது என்பதைக் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்கும்படி சொன்னேன்.

என் மேசையிலிருந்த பேனையை எடுத்துப் படிவத்திலே கையொப்பமிட்டார். சட்டைப் பையிலிருந்து பஸ் சீட்டொன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் "மருத்துவமாது" என்று எழுதி மடித்து வைத்துக்கொண்டு, துவிச்சக்கர வண்டியை உருட்டியபடி போனார்.