எழுதி எழுதித் தேயும் சில்லு

அலுவலகத்தின் உள் வலையமைப்புக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே அமர்ந்து, வந்துபோகும் தரவுப் பொட்டலங்களை விதிகளோடு ஒப்பிட்டு அனுமதிக்கவோ மறுக்கவோ செய்யும் ஃபயர்வால் பெட்டி, அதாவது தீயரண், உள்ளே ஒரு முழுக் கணினியே ஆகும். செயலி, ரேம் நினைவகம், இயங்குதளத்தைத் தாங்கும் சேமிப்பகம் ஆகிய மூன்றும் அதில் உண்டு; இவற்றுள் எழுதப்படும் அளவுக்கு ஏற்ப ஆயுள் குறைந்துகொண்டே வருவது சேமிப்பகம் மட்டுமே.

விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் இந்தச் சேமிப்பகம், கைப்பேசிகளில் இருப்பதைப் போன்ற இஎம்எம்சி எனும் சில்லாக, மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதன் நுண்ணறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தித் தகவல் சேமிக்கப்படுகிறது. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் மின்னணுக்கள் மெல்லிய காப்புப் படலம் ஒன்றைத் துளைத்துச் செல்வதால் அப்படலம் சிறிது சிறிதாகப் பழுதுபட்டு, சில ஆயிரம் சுற்றுகளுக்குப் பின் மின்னூட்டத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. அறைகளைத் தனித்தனியாக அழிக்க இயலாது, தொகுதியாகவே அழிக்க வேண்டும் என்பதால், ஒரு வரிப் பதிவை எழுதுவதற்குக்கூடச் சில்லு அதைவிடப் பன்மடங்கு இடத்தை மாற்றி எழுத நேர்கிறது.

தீயரணோ ஓயாமல் எழுதும் இயல்புடையது. யார் எந்த முகவரியை அணுகினார், எந்த இணைப்பு மறுக்கப்பட்டது என்ற லாக் பதிவுகளும், ஊடுருவலைக் கண்காணிக்கும் சூரிகாட்டா போன்ற மென்பொருள்களின் குறிப்புகளும் இரவுபகலாகச் சேர்கின்றன. போதாததற்கு, இசட்எஃப்எஸ் எனும் கோப்பு முறைமை, சேர்ந்த மாற்றங்களை இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை சேமிப்பகத்தில் இறக்கிவைக்கிறது. முந்தைய தலைமுறை இதை உணர்ந்தே நடந்துகொண்டது: மோனோவால் எனும் பழைய தீயரண் மென்பொருள் முழுவதும் ரேமிலேயே இயங்கியது, அதிலிருந்து 2004இல் கிளைத்த பிஎஃப்சென்ஸும், கழற்றி மாட்டத்தக்க காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைகளுக்கென, பெரும்பாலும் படிக்க மட்டுமே அட்டையைத் தொடும் தனிப் பதிப்பு ஒன்றை வைத்திருந்தது. அப்பதிப்பு 2017இல் வெளிவந்த 2.4 வெளியீட்டோடு கைவிடப்பட்டது. கழற்றக்கூடிய அட்டையின் இடத்தில் கழற்ற முடியாத சில்லு வந்த பிறகு சிக்கனமாக எழுதும் பழக்கமும் விடைபெற்றது தலைகீழான முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இக்குறை தீயரணுக்கு மட்டும் உரியதன்று. 2021இல் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், அவற்றின் தொடுதிரைக் கணினியிலிருந்த 8 ஜிபி இஎம்எம்சி எழுதி எழுதித் தேய்ந்து, பின்புறக் கேமராவின் காட்சியைக்கூடத் திரையில் வராமல் செய்ததுதான்.

சேமிப்பகம் செயலிழந்த பின்னும் தீயரண் சில காலம் வழக்கம்போல் இயங்கக்கூடும். விதிகளும் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் ஏற்கெனவே ரேமில் ஏறிவிட்டதால் இணையம் தடைபடாது, அமைப்புகளைச் சேமிக்க முயலும்போது மட்டும் பிழைச் செய்தி வரும். எதற்கும் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்ற பழக்கப்பட்ட வைத்தியம் இந்த நிலையில்தான் கேடாக முடிகிறது, ஏனெனில் அணைத்த பெட்டி மீண்டும் எழாது. முதலில் செய்ய வேண்டியது, விதிகள், விபிஎன் சான்றிதழ்கள், கடவுச்சொற்கள் அனைத்தையும் அடக்கிய அமைப்புக் கோப்பை வேறொரு கணினிக்குப் பிரதி எடுப்பது. பிஎஃப்சென்ஸில் இது ஒரே எக்ஸ்எம்எல் கோப்புதான். அது கையில் இருந்தால் மற்றவை அனைத்தும் கடையில் கிடைக்கும் பொருள்களே. சில்லின் தேய்மானத்தை முன்கூட்டியே அறியவும் வழி உண்டு: 2013ஆம் ஆண்டுத் தரநிலையான இஎம்எம்சி 5.0 முதல், சில்லே தன் ஆயுளைப் பத்துப் பத்து விழுக்காடாக எண்ணிக் காட்டுகிறது. 1 என்றால் புதியது, 11 என்றால் கணக்கிட்ட ஆயுள் கடந்துவிட்டது.

மாற்றுவதற்கு, பலகையில் எம்.2 எனும் செருகுவாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2242 என்று குறித்தால் 22 மில்லிமீட்டர் அகலமும் 42 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஸ்எஸ்டி அட்டை அதில் பொருந்தும். வாய் பொருந்துவதாலேயே அட்டை வேலை செய்யும் என்று கொள்வதற்கில்லை. சாட்டா எனும் முறையில் பேசும் செருகுவாயில், என்விஎம்இ எனும் வேறு முறையில் பேசும், இரண்டு வெட்டு உள்ள அட்டை ஒழுங்காக உட்கார்ந்து, திருகும் ஏறி, ஆனால் கணினியின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் கிடக்கும். அட்டை சரியாக அமைந்த பின், திரையில்லாத அப்பெட்டியைத் தொடர்நிலைக் கன்சோல் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, யுஎஸ்பி குச்சியிலிருந்து இயங்குதளத்தை நிறுவி, அமைப்புக் கோப்பை மீட்டெடுப்பது அரை மணி நேர வேலைதான். பழைய சில்லு அரைகுறை உயிரோடு இருந்தால், அதிலுள்ள பழைய இயங்குதளமே முந்திக்கொண்டு தொடங்கக்கூடும் என்பதால், அதைத் துடைத்துவிடுவதோ தொடக்க வரிசையில் புதிய அட்டையை முதலில் வைப்பதோ அவசியமாகிறது.

புதிய அட்டையிலும் பழைய அளவிலேயே எழுதவிட்டால் அதுவும் தேயும், சற்றுத் தாமதமாக. தற்காலிகக் கோப்புகளை ரேமிலேயே வைக்கும் ரேம் டிஸ்க் வசதியை இயக்குவதும், லாக் பதிவுகளைச் சிஸ்லாக் எனும் பதிவு அனுப்பும் நெறிமுறை வழியாக வேறொரு சேவையகத்துக்கு அனுப்புவதும் எழுத்தைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ரேமில் இருப்பது மின்வெட்டில் மறைந்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்வது நல்லது. செருகுவாயே இல்லாத பெட்டிகளில், யுஎஸ்பி குச்சியிலிருந்து இயக்குவது தற்காலிக ஏற்பாடாகவே அமையும். நிலையான வழி, வெப்பக் காற்றால் சில்லைப் பெயர்த்து, அடியில் நூற்றுக்கு மேற்பட்ட சால்டர் மணிகள் கொண்ட புதியதைப் பதிப்பதாகும், கைப்பேசி பழுதுநீக்குவோர் அன்றாடம் செய்யும் வேலை அது.