வைரஸ் சொல்லும் சாட்சி

கைரேகை குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. சாதாரண நுண்நோக்கிக்கும் புலப்படாத வைரஸ் வழக்கில் சாட்சி சொல்லுமா? சொல்லியிருக்கிறது.

லிபியா நாட்டின் பெங்காசி நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருப்பது 1998-ல் தெரியவந்தது. பல்கேரிய நர்சுகள் ஐவரும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவரும் வேண்டுமென்றே வைரசைச் செலுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. 1999-ல் கைது, 2004-ல் மரண தண்டனை. மேல்முறையீட்டின் பின் மறு விசாரணை தொடங்கியது. அம்மருத்துவமனைக்கு வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்கள் வந்தது 1998 மார்ச்சில். அப்படியானால் வைரஸ் அங்கே வந்தது எப்போது?

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஏறத்தாழ 10,000 எழுத்துகள் கொண்டது. உடலுக்குள் பெருகும்போது வைரஸ் இச்செய்தியைப் படியெடுக்கிறது. அப்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் வசதி அதனிடம் இல்லை. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் விட்ட பிழை, அதைப் பார்த்து எழுதிய சுவடிகளிலெல்லாம் தொடரும் அல்லவா? எந்தச் சுவடி எதன் வழிவந்தது என்று பதிப்பாசிரியர்கள் அதைக் கொண்டே கண்டறிவார்கள். வைரசின் வமிசாவளியையும் இவ்வாறே வரையலாம்.

இனி, காலக் கணக்கு. இயற்பியல் கற்பிக்கும் என் போன்றோருக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கதிரியக்கப் பொருளில் எந்த அணு எப்போது சிதையும் என்று கூற இயலாது. ஆனால் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்தால் அருமையான கடிகாரம் கிடைக்கிறது. வைரசின் பிழைகளும் சராசரியாக ஒரு வேகத்தில் சேர்கின்றன. ஆனால் எண்ணுவதற்குக் கிடைக்கும் பிழைகள் சிலவே. ஆகவே இந்தக் கடிகாரம் தேதியைக் காட்டாது. இன்ன காலத்துக்கும் இன்ன காலத்துக்கும் இடையே என்றுதான் காட்டும். யார் செய்தார், என்ன நோக்கத்தோடு செய்தார் என்பதையும் அது சொல்லாது.

பெங்காசி வழக்குக்கு அதுவே போதுமானதாயிற்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பிற நாட்டினரும் சேர்ந்து குழந்தைகளின் வைரஸ்களை ஒப்பிட்டார்கள். அவை மேற்கு ஆப்பிரிக்க வைரஸ்களுக்கு உறவான ஒரே குடும்பம். அவற்றின் பொது மூதாதை 1998 மார்ச்சுக்கு முன்பே அவ்வட்டாரத்தில் பரவிக்கொண்டிருந்தது! குழந்தைகள் பலருக்கு இருந்த மற்றொரு வைரசான ஹெப்பாடைடிஸ் சி-யும் அதையே காட்டியது.

இம்முடிவு 2006 டிசம்பர் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அதே மாதம் 19-ஆம் நாள் நீதிமன்றம் அறுவருக்கும் மீண்டும் மரண தண்டனை விதித்தது. பல நாடுகள் தலையிட்ட பிறகு, 2007 ஜூலையில்தான் அவர்கள் விடுதலையாகிப் பல்கேரியா சென்றார்கள்.