நீதிமன்றத்திலிருந்து மழலையர் பள்ளிக்கு

ஒரு தொழிலில் காலூன்றிய ஒருவர் அதனை விட்டு வேறு பணிக்குச் செல்ல விரும்பினால், வீட்டார் கேட்கும் வினாக்கள் இரண்டு. வருவாய் கூடுமா? பதவி உயருமா? இவ்விரண்டுக்கும் ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கக்கூடிய ஒரு பணியை நாடிச் சென்ற வழக்கறிஞர் ஒருவரின் வரலாறு இது. உலகியல் கணக்கில் அவர் படிப்படியாகக் கீழிறங்கினார். இறுதியில் அவர் சென்று சேர்ந்த இடம், இரண்டரை வயதுக் குழந்தைகளின் வகுப்பறை.

கிஜுபாய் பதேகா 1885-ஆம் ஆண்டு குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். பொருளீட்டும் பொருட்டு 1907-இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். ஈராண்டுகளில் தாயகம் திரும்பிப் பம்பாயில் சட்டம் பயின்று, வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அவரது வாழ்க்கை அவ்வழியிலேயே சென்றிருக்கக்கூடும்.

1913-இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அக்காலப் பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி செய்தன. தாம் பட்ட துன்பத்தை மகனும் படவேண்டுமா என்று எண்ணிய தந்தை, வேறு வழி தேடலானார். அத்தேடலில்தான் இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறை பற்றிய நூல் அவர் கைக்கு வந்தது. தம் பிள்ளைக்காகத் தொடங்கிய வாசிப்பு, அவரது தொழிலையே மாற்றிவிட்டது.

இறக்கமா, ஏற்றமா?

1916-இல் பாவநகரில் இருந்த தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிறுவனத்தில் கிஜுபாய் சேர்ந்தார். சட்டத்தொழிலை விட்டு விடுதி மாணவர்களைக் கவனிக்கும் பணிக்கு வந்தது முதல் இறக்கம். பின்னர் அந்நிறுவனத்தின் உயர்நிலைப்பள்ளிப் பொறுப்பை ஏற்றார். வளர்ந்த மாணவர்களிடையே பணியாற்றியபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அச்சமும் போட்டி மனப்பான்மையும் அவர்கள் உள்ளத்தில் முன்பே வேரோடிவிட்டன. அடித்தளம் இடவேண்டிய பருவம் அதற்கும் முந்தையது. எனவே உயர்நிலைப்பள்ளியையும் விட்டு, 1920-இல் ‘பால மந்திர்’ என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். இரண்டரை முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளே அதன் மாணவர்கள்.

அங்கே அவர் மாண்டிசோரி முறையை அப்படியே பின்பற்றவில்லை. மிகச் சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகளைக் கூறுவதில் மாண்டிசோரி அம்மையாருக்கு உடன்பாடு இல்லை. கிஜுபாயோ கதைக்குத் தலையாய இடம் தந்தார். குஜராத்தின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். பாட்டும் நாடகமும் களிமண் வேலையும் தோட்டமும் பாடங்களாயின. குழந்தைகளைக் கவனித்து, அவர்களிடமிருந்தே கற்பிக்கும் முறையைக் கற்றார். மீசை வைத்திருந்த அந்த ஆடவரை மக்கள் ‘மூச்சாளி மா’, அதாவது ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தனர். எந்த நீதிமன்றமும் வழங்கியிருக்க முடியாத பட்டம் அது.

தோல்வியில் தொடங்கிய நாள்

இப்பணி முதல்நாள் முதலே இனித்தது என்று அவர் எழுதவில்லை. தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் வெளிவந்துள்ள அவரது ‘திவாஸ்வப்னா’ என்னும் நூலில், இலட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றில் ஓராண்டு சோதனை நடத்துகிறார். பெரும் திட்டங்களுடன் வரும் அவர், முதல்நாளில் அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர், திட்டம் கலைகிறது. மறுநாள் அவர் ஒரு கதை சொல்லத் தொடங்க, வகுப்பு தானாகவே அடங்குகிறது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க முன்வரும் எவரும் முதல் வாரத்தில் சந்திப்பது இதே அனுபவத்தைத்தான். பெரியவர்கள் மரியாதைக்காகவேனும் நம் பேச்சைக் கேட்பார்கள். குழந்தைகளோ ஆர்வம் இருந்தால் மட்டுமே கேட்பார்கள். அவர்கள் நம்பக்கம் திரும்பும் கணத்தில் கிடைக்கும் நிறைவு, வேறு பணிகளில் எளிதில் வாய்ப்பதில்லை.

முற்றத்துக்கு வந்த பள்ளி

கிஜுபாயைப் போலவே உயர்பொறுப்பைத் துறந்து பாவநகர் வந்தவர் தாராபாய் மோடக். இருவரும் இணைந்து பாலர் கல்விக்கான சங்கத்தை நிறுவினர். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தனர். பிற்காலத்தில் மராட்டியத்தின் போர்டி, கோஸ்பாட் ஆகிய ஊர்களில் தாராபாய் பணியாற்றினார். பழங்குடிக் குழந்தைகளால் பள்ளிக்கு வர இயலாதபோது, பள்ளியையே அவர்களது வீட்டு முற்றத்துக்குக் கொண்டுசென்றார். 1962-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. ‘ஆங்கன்’ என்றால் முற்றம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ‘அங்கன்வாடி’ மையங்களும் முற்றம் என்னும் அந்தப் பொருளையே பெயரில் தாங்கியுள்ளன.

கிஜுபாய் 1939-இல் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில்தான் மாண்டிசோரி அம்மையார் இந்தியா வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். தம் வாழ்வைத் திசைதிருப்பிய அவரைத் தம் மண்ணில் வரவேற்கும் வாய்ப்பு கிஜுபாய்க்குக் கிட்டவில்லை.

நமக்கு ஒரு வினா

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தைக் கல்வியின் அடித்தள நிலையாக வகுத்துள்ளது. கிஜுபாய் ஒரு நூற்றாண்டுக்கு முன் வலியுறுத்திய கருத்து இன்று கொள்கையாகிவிட்டது. ஆயினும், கற்பிக்கப்படும் குழந்தையின் வயது குறையக் குறைய ஆசிரியரின் ஊதியமும் மதிப்பும் குறைவதே நம் வழக்கமாக இருக்கிறது.

பணி மாற்றத்தையோ ஓய்வுக்குப் பிந்தைய பணியையோ எண்ணும் வாசகர்கள் இத்துறையையும் கருதலாம். உரிய பயிற்சி பெறுவதும், குறையக்கூடிய வருவாய்க்கேற்பக் குடும்பச் செலவை முன்கூட்டியே திட்டமிடுவதும் இன்றியமையாதவை. அதற்கும் முன்பாக, அருகிலுள்ள மழலையர் பள்ளி ஒன்றில் அனுமதி பெற்றுச் சில நாள்கள் அமர்ந்து கவனியுங்கள். இப்பணி தமக்கு ஏற்றதா என்பது அங்கே விரைவில் தெரிந்துவிடும்.

ஏனையோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மாலையில் குழந்தையை அழைத்துவரச் செல்லும்போது, “இன்று என்ன எழுதினாள்?” என்று கேட்பதோடு நில்லாமல், “இன்று எதைக் கண்டு வியந்தாள்?” என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். நாள் முழுவதும் அக்குழந்தையைக் கவனித்திருந்தவர், அக்கேள்விக்காகவே காத்திருந்திருப்பார்.