டில்லிக்கு ஏன் பாதி அதிகாரம்?

எல்லா மாநிலங்களையும் நம் அரசியல் சட்டம் ஒரே கோலால் அளக்கவில்லை, அளக்கவும் வேண்டியதில்லை. நாகாலாந்து மக்களின் வழக்காறுகளையும் நில உரிமையையும் பற்றிப் பாராளுமன்றம் இயற்றும் சட்டம், அம்மாநிலச் சட்டசபை இசைந்தாலன்றி அங்கே செல்லாது. இதனால் பிறருக்கு யாதொரு நட்டமுமில்லை. சமத்துவத்தின் பெயரால் அதைப் பறிக்கலாகாது என்பதே நம் கருத்து.

டில்லியின் கதை வேறு. 1952இல் கிடைத்த சட்டசபை 1956இல் போயிற்று. 1993இல் மீண்டும் வந்தது. ஆனால் போலீசும் பொது ஒழுங்கும் நிலமும் வரவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 6 லட்சம் மக்களே கொண்ட சிக்கிமுக்கு உள்ள இவ்வதிகாரங்கள், 1 கோடியே 67 லட்சம் மக்கள் வாழும் டில்லிக்கு இல்லை! 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, அதிகாரிகள் மீதான பொறுப்பு டில்லி அமைச்சரவைக்கே என்றது. ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் செய்து, இறுதி முடிவைத் துணைநிலை கவர்னரிடம் ஒப்படைத்தது.

தலைநகரமாயிற்றே என்பர். புது டில்லி நகராட்சி எல்லைக்கு அந்த நியாயம் பொருந்தும். அது மத்திய அரசிடமே இருக்கட்டும். நரேலாவுக்கும் நஜஃப்கருக்கும் எப்படிப் பொருந்தும்?

நிலம் யார் கையில் என்பது நம்மவர் பலருக்கு வீட்டுக் கேள்வி. 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா மதராசி கேம்ப்பில் சுமார் 370 தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் ஹைகோர்ட்டு உத்தரவின்படி இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை 189 குடும்பங்களே எனப்பட்டது. அவற்றிற்கும் வீடு தொலைவிலுள்ள நரேலாவில். தகுதிப் பட்டியல் தயாரித்தது டில்லி அரசின் வாரியம். வீடு தருவது மத்திய அரசின் கீழுள்ள வளர்ச்சி ஆணையம். பட்டியலில் விடுபட்டவர் எந்த வாசலில் போய் நிற்பது?