மூலக்கூறு பிரியும் கணத்தைக் காணல்

மாணவர்களே, இரசாயனத் தாக்கத்தில் பழைய பிணைப்புகள் உடைந்து புதியவை உருவாகின்றன எனக் கற்றிருப்பீர்கள். சமன்பாட்டில் இடப்பக்கம் தாக்கிகள், வலப்பக்கம் விளைவுகள். நடுவிலுள்ள அம்புக்குறியில் நிகழ்வதை எவ்வாறு அறிவது?

சுழலும் மின்விசிறியைப் படமெடுத்தால் அதன் இறக்கைகள் மங்கலாகத் தெரியும். ஒளி படும் நேரம் குறைந்தால் படம் தெளிவாகும். மூலக்கூறுக்கும் இதுவே விதி. அணுவொன்று செக்கனுக்கு 1000 மீற்றர் கதியில் இயங்குவதாகக் கொள்க. தனது பருமனளவான 10⁻¹⁰ மீற்றரைக் கடக்க அதற்கு 10⁻¹³ செக்கன், அதாவது 100 பெம்தோசெக்கன் எடுக்கும். (1 பெம்தோசெக்கன் = 10⁻¹⁵ செக்கன்.) எந்தக் கமராவும் இவ்வளவு விரைவாகத் திறந்து மூடாது. எனவே லேசர் ஒளியையே மிகக் குறுகிய துடிப்புகளாக்கினர்.

எகிப்தில் பிறந்த அஹமட் செவெய்ல், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் தமது குழுவினருடன் 1987 இல் இம்முறையால் அயடீன் சயனைட்டு வாயுவை ஆராய்ந்தார். முதலாவது துடிப்பு, அயடீனுக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்கத் தொடங்கும். பிந்தி வரும் இரண்டாவது துடிப்பை, காபனும் நைதரசனும் கொண்ட பிரிந்த பகுதி உறிஞ்சி மீண்டும் ஒளியைக் காலும். அவ்வொளியின் செறிவை அளந்தால் பிரிவு எவ்வளவு முன்னேறியுள்ளது எனத் தெரியும்.

இரு துடிப்புகளுக்கும் இடையிலான நேரத்தை எந்த மணிக்கூட்டால் அளந்தனர்? மணிக்கூடு தேவையில்லை, தூரமே போதும். இரண்டாவது துடிப்பை நீண்ட பாதையில் அனுப்பினால் அது பிந்தி வரும். 200 பெம்தோசெக்கன் பிந்துவதற்குத் தேவையான மேலதிகத் தூரம்:

தூரம் = கதி × நேரம்
= 3 × 10⁸ × 200 × 10⁻¹⁵
= 6 × 10⁻⁵ மீற்றர் = 0.06 மில்லிமீற்றர்

ஒளி ஆடிக்குச் சென்று திரும்புவதால், ஆடியை இதன் அரைவாசியான 0.03 மில்லிமீற்றர் நகர்த்தினால் போதும். (கணக்கில் இந்த அரைவாசியை மறப்பவர்களே அதிகம்!) இவ்வாறு தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி அளந்தபோது, பிணைப்பு முற்றாகப் பிரிய ஏறத்தாழ 200 பெம்தோசெக்கன் எடுப்பது தெரியவந்தது. 1999 இல் செவெய்லுக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். இது தனியொரு மூலக்கூறின் திரைப்படம் அன்று. முதலாவது துடிப்பு ஏராளமான மூலக்கூறுகளை ஒரே கணத்தில் பிரியத் தொடங்கச் செய்கின்றது. ஒவ்வொரு தாமதத்துக்கும் பரிசோதனை பலமுறை மீளச் செய்யப்படுகின்றது. அளவீடுகளை வரிசைப்படுத்தும்போதே இயக்கம் புலனாகும்.

பயிற்சி: 500 பெம்தோசெக்கன் தாமதத்தைப் பெற ஆடியை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும்?
(விடை: 0.075 மில்லிமீற்றர்)