காசில் எழும் கொப்புளம்

அயல்நாட்டிலிருந்து உறவினர் கொணரும் சில்லறையில் சிறு புடைப்பைக் காட்டி, ‘அச்சுப்பிழை’ எனப் பெருவிலை பேசுவோர் உளர். பணம் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்க ஒரு சென்ட் 1982-ஆம் ஆண்டிலிருந்து 97.5 விழுக்காடு துத்தநாகம். மேலே இருப்பது மெல்லிய செம்பு முலாமே. முலாமுக்கடியில் சிக்கிய வாயு கொப்புளமாய் எழும். படப்பையிலிருந்து ஒரகடம் ஆலைகளுக்குச் செல்வோர்க்கு இது புதிதன்று. எழுத்தோரம் முலாம் கிழிந்து சாம்பல் நிறக் கீற்று தெரிவதும் அச்சுப்பிழையாகாது. இவற்றின் இடமும் வடிவும் காசுக்குக் காசு மாறும்.

அச்சிலேயே எழுத்து இரட்டித்திருந்தாலோ, அவ்வச்சில் அடித்த காசுகள் யாவும் ஒன்றுபோல் காட்டும். 1995-ஆம் ஆண்டுச் சென்ட் சிலவற்றில் ‘லிபர்ட்டி’ எனுஞ் சொல் அவ்வாறு தெளிவாக இரட்டித்துள்ளது.

நம் எவர்சில்வர் ஒரு ரூபாயிலோ முலாமே கிடையாது! அது செம்பொளி வீசினால், பின்னர் எவரோ பூசியதேயாம்.