அலுவலகக் கோப்பும் சட்டப் புத்தகமும்



மாலை நேரத்தில் புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக வரும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் விரித்த குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும் இளம் பெண் ஒருத்தியையாவது காண்பீர்கள். பகலில் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை, இரவில் சட்டக் கல்லூரிப் பாடம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படி இரட்டைச் சுமை சுமக்கும் பிள்ளைகள் நமது வீடுகளில் இன்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் விடயத்தில் நான் செய்த தவறையே முதலில் சொல்ல வேண்டும்.

அவள் சிறுவயதில் கொட்டாஞ்சேனையில் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. வாப்பா நோயாளியானதும் அலுவலகம் ஒன்றில் உறுதிகளைத் தட்டச்சுச் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னர் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து சட்டக் கல்லூரியிலும் இடம் பெற்றாள். இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் தவறியது. படிப்பை நிறுத்துவதா, வேலையை நிறுத்துவதா என்று வீட்டார் என்னைக் கேட்டார்கள். “வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டும்” என்று யோசிக்காமல் சொன்னேன். அவளுடைய உம்மா மெதுவாகக் கேட்டார்: “ஹஸ்ரத், அவள் வேலையை விட்டால் வீட்டு வாடகையை யார் கட்டுவது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாதை எவ்வளவு தூரம்?

ஆலோசனை சொல்லுமுன் பாதையை அறிந்திருக்க வேண்டும். இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. அங்கு மூன்று வருடப் படிப்பு; அதன் பின் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதத் தொழிற்பயிற்சி; இறுதியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றவர்களும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டியே ஆக வேண்டும். பயிற்சிக் காலத்தில் சம்பளத்தை நம்பியிருக்க முடியாது. ஆகவே வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை ஆடம்பரமல்ல. அதுதான் அவளுடைய படிப்புச் செலவு.

தொழிலும் சட்டக் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையா? இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரி. கடையை நடத்திக்கொண்டே தமது ஆசிரியர் ஹம்மாதிடம் நீண்ட காலம் பயின்றார்கள். அவர்களுடைய மாணவர் அபூ யூசுஃபின் குடும்பமோ வறுமையானது. வகுப்பை விட்டு உழைக்கப் போகும்படி வீட்டார் அவரை இழுத்தபோது, இமாமே பணம் கொடுத்துப் படிக்க வைத்ததாகச் சரித நூல்கள் கூறுகின்றன. அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியானார். இருவரும் தனியாக நின்று வெல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்குக் கடையில் பங்காளி இருந்தார். மற்றவருக்கு ஆசிரியர் இருந்தார்.

ஒரு நாளின் கணக்கு

நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு வாரத்தின் மணிக்கணக்கை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்ததைப் பார்த்துத் திகைத்தேன். அவளுடைய நேரத்தைத் தின்றது அலுவலகம் மட்டுமல்ல. வீட்டுக்கு வந்ததும் சமையல், தம்பிமாரின் உடுப்பு, ஞாயிறு முழுவதும் விருந்தாளிகள். மூத்த தம்பிக்குப் பதினேழு வயது. அவன் ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை! நம்முடைய நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலையில் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்பதை அவனுக்கு நினைவூட்டினேன்.

சந்தைக்குப் போவதும் இரவுச் சாப்பாடும் தம்பிமார் பொறுப்பாயின. இஷாவுக்குப் பின் நேரத்தோடு தூங்கி, சுபஹ் தொழுததும் இரண்டு மணித்தியாலம் படிப்பது என்று அவள் வைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்கள் சம்பளமில்லாத விடுமுறை வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டாள், கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்தின் ஆறு மாதங்களுக்காக உம்மா சீட்டுப் பிடித்தார். அடுத்த முறை பாடம் சித்தியடைந்தது. இன்று அவள் சட்டத்தரணி.

வேலை செய்து படிக்கும் மகள்மாருக்கு

முதலாவது, வேலையையே பாடமாக்குங்கள். காணி உறுதியை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருந்து நிறைவேற்ற வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. உறுதி தட்டச்சுச் செய்யும் பிள்ளை அந்தப் பிரிவை அன்றே வாசித்தால் பிறகு மனனம் செய்யத் தேவையில்லை.

இரண்டாவது, மொழி. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தது. அதனால் தமிழில் எழுதும் வழி மூடப்படவில்லை. ஆயினும் கொழும்பு அலுவலகங்களில் ஆங்கிலக் கோப்புகளே அதிகம். தினமும் ஐந்து சொற்களைத் தமிழ்ப் பொருளோடு கொப்பியில் எழுதுங்கள்.

மூன்றாவது, அமானிதம். கட்சிக்காரரின் இரகசியம் உங்கள் வீட்டு மேசைக்கு வரக்கூடாது. அவர் உங்கள் பக்கத்து வீட்டவராகவும் இருக்கலாம். அலுவலக நேரத்தில் அனுமதியின்றிச் சொந்தப் பாடம் படிப்பதும் கூடாது. நீங்கள் வாங்கும் சம்பளம் அந்த நேரத்துக்கானது.

தாய்மார் யோசிக்க வேண்டியது

“பெண்பிள்ளைக்கு இவ்வளவு கஷ்டம் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. விவாகரத்து, தாபரிப்பு என்று வரும் சகோதரி அங்கே தன் வாயாலேயே பேச வேண்டும். போகுமுன் எந்தப் பத்திரத்தை எடுத்துச் செல்வது, எதைக் கேட்பது என்று கூச்சமின்றி விசாரிக்க, சட்டம் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால் அவளுக்கு எவ்வளவு தைரியம்! காதி விதித்த தாபரிப்புப் பணத்தைக் கணவன் கட்டாவிட்டால் அது நீதவான் நீதிமன்றம் வரை போகும். அங்கே சட்டத்தரணி எழுந்து பேசலாம். சட்டத்தரணியாகத் தொழில் செய்துகொண்டே 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை நமது பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் பாடுபட்டதை மறக்கலாமா?

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகளோ மருமகளோ வேலையும் படிப்புமாகத் தடுமாறினால், “எதை விடப் போகிறாய்?” என்று அவளிடம் கேட்காதீர்கள். “உன் வேலையில் எதை நாங்கள் எடுத்துக்கொள்ளட்டும்?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.